தண்ணியா, கருமருந்தா, கிளப்பா? ஃப்ரெண்டோட ராக்கெட் விட எது தோதுப்படும்

"ராக்கெட் விடணும்னு ஆசை, கூட ஒரு ஃப்ரெண்டும் ரெடி, ஆனா எதை வாங்குறதுன்னே தெரியலை"ன்னு இந்த ஆறு மாசத்துல நாலு பேர் கேட்டுட்டாங்க. நாலு பேருமே டெக்ஸாஸ் பக்கம்தான். அடுத்த கேள்வியும் நாலு பேருக்கும் ஒண்ணுதான், எவ்ளோ உயரம் போகும்? நானும் மச்சானும் (பேர் போட்டா கோவிச்சுப்பான், மச்சான்னே இருக்கட்டும்) டாலஸ் பக்கத்துல அஞ்சு வருஷமா விட்டுட்டு இருக்கோம். உயரத்தை மட்டும் பாத்து வாங்கினா மூணாவது வாரமே பெட்டி கராஜ் மூலைக்குப் போயிடும், எங்களுக்கும் முதல்ல அப்படித்தான் ஆச்சு.

நமக்கு ராக்கெட்னா தீபாவளி ராக்கெட்தான் ஞாபகம் வரும், பாட்டில்ல சொருகி பத்த வெச்சா போச்சு, எங்க விழுதுன்னு யாரும் தேட மாட்டோம். மாடல் ராக்கெட் அப்படி இல்லை, அது திரும்பி முழுசா கைக்கு வரணும், மறுபடி விடணும், ஆட்டமே அதுதான். மேல போறதுக்கு சில செகண்டு, இறங்கி வர ஒரு நிமிஷம், தேடி எடுக்க அரை மணி நேரம். நேரம் பூரா எங்க போகுதுன்னு இதுலயே புரிஞ்சிருக்கும்.

## முதல்ல எதைப் பாக்கணும்

மைதானம். இதுதான் முதல் கேள்வி, காசெல்லாம் அப்புறம். அமெரிக்காவுல 1957-ல ஆரம்பிச்ச நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி (என்ஏஆர்) ஒரு பாதுகாப்பு விதி வெச்சிருக்கு, எந்த மோட்டாருக்கு (ஏ, பி, சி-ன்னு எழுத்து ஏற ஏற சக்தி ஏறும்) எவ்ளோ இடம் வேணும்னு அதுல இருக்கு: ஏ மோட்டார்னா 100 அடி, பி 200, சி 400, டி 500, ஈ-லேந்து ஜி வரைக்கும் 1,000 அடி. இது மைதானத்தோட குறுகின பக்கத்தோட அளவு. நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். அமெரிக்கன் ஃபுட்பால் கிரவுண்டு பாக்க பெருசா தெரியும், நீளமும் 360 அடி இருக்கும், ஆனா அகலம் 160 அடிதான், அதனால அங்க ஏ மோட்டாரோட நிறுத்திக்கணும். ரெண்டு சாக்கர் கிரவுண்டு பக்கத்துல பக்கத்துல இருந்தா பி வரைக்கும் யோசிக்கலாம்.

ஏன் இவ்ளோ இடம்னா காத்து. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. பாராசூட் விரிஞ்ச ராக்கெட் செகண்டுக்கு சுமாரா 15 அடி இறங்கும், மணிக்கு 10 மைல் காத்துன்னா அதுவும் செகண்டுக்கு கிட்டத்தட்ட 15 அடிதான். அப்போ எவ்ளோ உயரம் போச்சோ அவ்ளோ தூரம் தள்ளிப் போய்த்தான் விழும். 1,000 அடி போனா 1,000 அடி தள்ளி. டாலஸ்ல 10 மைல் காத்தெல்லாம் ஒரு காத்தே இல்லை.

ஃப்ரெண்டு. இது கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா ரெண்டாவது முக்கியமான விஷயம் இதுதான். உங்க ஃப்ரெண்டு வீட்டுல உக்காந்து ஒட்டி, தேய்ச்சு, பெயிண்ட் அடிக்கிற ஆளா, இல்லை பட்டனை அமுக்க மட்டும் வர்ற ஆளா? ரெண்டும் தப்பில்லை. இந்த ஹாபியே அப்படி ரெண்டு பேர் சேர்ந்துதான் ஆரம்பிச்சுது. நெப்ராஸ்கால நார்ஃபோக்னு ஒரு ஊரு, அங்க செருப்புக்கடை வெச்சிருந்தவர் ஆர்வில் கார்லைல், அவருக்கு வாணவேடிக்கை பைத்தியம், அவர் கூடப் பிறந்த ராபர்ட்டுக்கு மாடல் ஏரோப்ளேன் பைத்தியம். ராபர்ட் ராக்கெட் பத்தி லெக்சர் குடுக்கும்போது காட்டுறதுக்கு ஒரு சின்ன ராக்கெட் வேணும்னு கேக்கப் போய், 1954-ல ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுதான் இன்னிக்கு நாம விடுற இந்த சாமானோட மூலம். ஒருத்தர் மருந்து, ஒருத்தர் ரெக்கை. எங்க செட்லயும் நான் ஒட்டுறவன், அவன் விடுறவன்.

நெருப்பு. டெக்ஸாஸ்ல கோடையில கவுண்டி கவுண்டியா பர்ன் பேன் (வெளிய தீ மூட்டத் தடை) போடுவாங்க. அந்த நாள்ல மருந்து ராக்கெட்டைக் கையில எடுக்கவே மாட்டோம். வருஷத்துல எத்தனை மாசம் உங்க ஊர்ல புல்லு காஞ்சு கெடக்குதுன்னு பாத்துட்டு வாங்குங்க.

காசு. முதல் பெட்டி விலையைப் பாக்காதீங்க, ஒவ்வொரு தடவை விடும்போதும் எவ்ளோ செலவாகுதுன்னு பாருங்க.

## வழி 1: தண்ணி ராக்கெட்

ரெண்டு லிட்டர் சோடா பாட்டில், மூணுல ஒரு பங்கு தண்ணி, சைக்கிள் பம்பு, பிவிசி பைப்புல செஞ்ச ஒரு லாஞ்சர். காத்தை அமுக்கி ரிலீஸ் பண்ணினா தண்ணி கீழ பீச்சும், பாட்டில் மேல போகும். குழந்தைங்க விளையாட்டுன்னு நெனைச்சுதான் நாங்களும் தள்ளி வெச்சிருந்தோம், மச்சான் பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக ஒரு நாள் செய்யப் போய் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நாங்க ரெண்டு பேரும்தான் பம்பு அடிச்சோம், அந்தப் பொண்ணு போரடிச்சு உள்ள போய் டிவி பாத்துட்டு இருந்துச்சு.

இதுல பெரிய லாபம், விடுறதுக்கு செலவே இல்லை. ஒரு மணி நேரத்துல இருபது தடவை விடலாம். தண்ணி கம்மி பண்ணினா என்ன ஆகுது, மூக்குல கொஞ்சம் களிமண் வெச்சா எப்படி நேரா போகுதுன்னு கையாலயே கத்துக்கலாம். பர்ன் பேன் அன்னிக்கும் விடலாம், பார்க்ல யாரும் முறைக்க மாட்டாங்க.

மறைமுக செலவு நேரம்தான். லாஞ்சர்ல காத்து ஒழுகாம நிக்கிறதுக்கு எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு, நாலு தடவை ஹார்டுவேர் கடைக்குப் போனோம். பாராசூட் வேற இதுல ரொம்ப கஷ்டம், ஏன்னா மருந்து மோட்டார்ல பாராசூட்டைத் தள்ளி விடுறதுக்கு ஒரு சின்ன வெடி உள்ளயே இருக்கும், இதுல அதை நீங்களே ஏதாவது ஸ்ப்ரிங்கு, ரப்பர் பேண்டுன்னு வெச்சு சமாளிக்கணும். அப்புறம் சூடான க்ளூ கன் வெச்சு ஃபின் (கீழ இருக்கிற ரெக்கை) ஒட்டாதீங்க, பாட்டில் அந்த எடத்துல எளகிப் பலவீனமாயிடும், ப்ரெஷர்ல அங்கதான் கிழியும். சோடா பாட்டில் மட்டும்தான், தண்ணி கேன், ஜூஸ் பாட்டில் எல்லாம் ப்ரெஷர் தாங்காது. நாங்க 60 பிஎஸ்ஐ தாண்டுறதில்லை, கயிறு கட்டித் தள்ளி நின்னுதான் இழுப்போம்.

எப்போ இது சரி: சின்னப் பசங்க கூட இருந்தா, வீட்டுப் பக்கத்துல சின்ன பார்க் மட்டும்தான்னா, காசு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் இது ஒத்து வருதான்னு பாக்கணும்னா. இன்னொண்ணு, ஊருக்குப் போகும்போது அக்கா பையனுக்கு ராக்கெட் காட்டணும்னா இது ஒண்ணுதான் வழி. மாடல் ராக்கெட் மோட்டாரை விமானத்துல கைப்பையிலயும் விட மாட்டாங்க, செக்-இன் பெட்டியிலயும் விட மாட்டாங்க, ஏர்போர்ட்ல மாட்டி அசிங்கப்படாதீங்க.

## வழி 2: ஏ, பி, சி மோட்டார்

எஸ்டிஸ்ங்கிற கம்பெனியோட பெட்டி. கடையில நீங்க முதல்ல பாக்கப்போறது இதுதான். மோட்டார் ஒரு அட்டைக் குழாய், உள்ள கருமருந்து, 18 மில்லிமீட்டர் விட்டம், விரல் நீளம். மேல எழுதியிருக்கிற நம்பரைப் படிக்கக் கத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. சி6-5-ன்னு இருந்தா, சி-ங்கிறது மொத்த சக்தி, ஒவ்வொரு எழுத்துக்கும் அது டபுள் ஆகும்: பி-க்கு உச்சம் 5 நியூட்டன்-செகண்டு, சி-க்கு 10, டி-க்கு 20. நடுவுல இருக்கிற 6 சராசரி உந்துவிசை, நியூட்டன்ல. கடைசி 5, மருந்து எரிஞ்சு முடிஞ்சு எத்தனை செகண்டு கழிச்சு பாராசூட்டைத் தள்ளும்ங்கிறது.

கடைசி நம்பரை யாரும் மதிக்கிறதில்லை, ஆனா ராக்கெட் உடையுறது அதனாலதான். கனமான ராக்கெட்டுக்கு நீளமான டிலே போட்டா அது உச்சிக்குப் போய்த் திரும்பித் தலைகீழா வேகமா வர்றப்போ பாராசூட் வெளிய வரும், கயிறு குழாயைக் கிழிச்சுட்டு இறங்கும், ஸிப்பர்னு சொல்லுவோம், பேன்ட் ஜிப் மாதிரியே இருக்கும்.

நாங்க பண்ணின முதல் தப்பு, ஆல்ஃபா மாதிரி சின்ன, லேசான ராக்கெட்ல முதல் நாளே சி மோட்டார் போட்டது. கிட்டத்தட்ட 1,000 அடி. கண்ணுக்கே தெரியலை. மேல சொன்ன காத்துக் கணக்குப்படி பக்கத்து காலனிக்குள்ள போய் இறங்குச்சு, ரெண்டு பேரும் வீடு வீடா கதவைத் தட்டி "எக்ஸ்க்யூஸ் மீ, உங்க பேக்யார்டுல ராக்கெட் ஏதாவது..."ன்னு கேட்டோம், ஒரு பாட்டி எங்களை ஏதோ சாமான் விக்க வந்தவங்கன்னு நெனைச்சு "நோ தேங்க்யூ"ன்னு கதவைச் சாத்திட்டாங்க. ராக்கெட் கிடைக்கலை. அதுக்கப்புறம் பிக் பெர்த்தா வாங்கினோம், ரெண்டு அடி உயரம், குண்டு ஒடம்பு, அதே சி மோட்டார்ல 500 அடி சுமாருக்குத்தான் போகும், ஆனா மெதுவா கெளம்பும், முழுசா கண்ணுக்குத் தெரியும், பாராசூட் விரியுறதைப் பாக்கலாம், பாதி நாள் ஓடிப் போய் கையிலயே பிடிச்சிடலாம். அஞ்சு வருஷமா அதே ராக்கெட்தான், ஒரு ஃபின் மட்டும் மூணு தடவை ஒட்டியாச்சு.

ரெண்டு பேர் இருந்தா இதுல ஒரு தனி சுகம் இருக்கு. ஒருத்தர் கன்ட்ரோலர் (பட்டன் இருக்கிற பெட்டி) கிட்ட, இன்னொருத்தர் 100 மீட்டர் தள்ளி, கையில பள்ளிக்கூட கோணமானி, அதுல நூல் கட்டித் தொங்குற ஒரு நட்டு. ராக்கெட் உச்சியில இருக்கும்போது கோணத்தைப் படிக்கணும். 45 டிகிரின்னா 100 மீட்டர் உயரம், 60 டிகிரின்னா 173 மீட்டர். பத்தாங்கிளாஸ்ல படிச்ச டேன் தீட்டா எதுக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. சின்ன ஆல்டிமீட்டர் (உயரம் அளக்கிற கருவி) வாங்கி உள்ள போட்டா ஒரே நம்பர்ல முடிஞ்சிடும், ஆனா "நீ தப்பா படிச்ச", "நான் சரியாதான் படிச்சேன்"னு சண்டை போட முடியாதே.

செலவு: நான் கடைசியா வாங்கினப்போ மூணு சி மோட்டார் இருக்கிற பேக் பதினஞ்சு டாலர் சுமாருக்கு இருந்துச்சு, அப்போ ஒரு தடவை விட அஞ்சு டாலர். சனிக்கிழமை ஆறு தடவைன்னா முப்பது. இது போக பாராசூட் எரியாம இருக்க உள்ள திணிக்கிற வாடிங் பேப்பர், கன்ட்ரோலருக்கு பேட்டரி, க்ளூ, பெயிண்ட். பேட்டரி வீக்கா இருந்தா மோட்டாரைப் பத்த வைக்கிற இக்னைட்டர் எரியாது, ரெண்டு பேரும் மோட்டாரைத் திட்டிட்டு நிப்பீங்க. எரியலைன்னா கன்ட்ரோலர் சாவியை எடுத்துட்டு ஒரு நிமிஷம் முழுசா காத்திருந்துட்டுத்தான் கிட்ட போகணும், மச்சான் மாதிரி அவசரக்காரனா இருந்தா சாவியை நீங்க பாக்கெட்ல வெச்சுக்கோங்க. டி வரைக்கும் 15 அடி, அதுக்கு மேல 30 அடி தள்ளி நிக்கணும்.

யாரும் சொல்லாத செலவு ஒண்ணு: மோட்டாரை கார் டிக்கில வெச்சு மறந்துடாதீங்க. டெக்ஸாஸ் வெயில்ல சூடாகி, ராத்திரி ஆறி, திரும்ப சூடாகி உள்ள இருக்கிற மருந்துல விரிசல் விடும், அப்புறம் விட்டா மேல போகாது, அங்கயே படார். ஒரு ஜூலை மாசம் பூரா டிக்கில கெடந்த பேக்கை எடுத்து விட்டேன், என் தப்புதான், பத்து நாள் பெயிண்ட் அடிச்ச ராக்கெட் கம்பியில நிக்கும்போதே ரெண்டா போச்சு.

எப்போ இது சரி: ரெண்டு சாக்கர் கிரவுண்டு அளவு இடம், பார்க்கோ ஸ்கூலோ பர்மிஷன் குடுத்தா. சில ஊர்ல பார்க்ல ராக்கெட் கூடாதுன்னே சட்டம் இருக்கு, போன் பண்ணி கேட்டுட்டுப் போங்க. என்னைக் கேட்டா பத்துல எட்டு பேருக்கு இதுதான் சரி. முதல்ல ஏ, அப்புறம் பி, இடத்தைப் பாத்து சி.

## வழி 3: டி-லேந்து ஜி வரைக்கும்

அடுத்த படி. ஏரோடெக் மாதிரி கம்பெனிங்க செய்யுற காம்போசிட் மோட்டார், அம்மோனியம் பெர்குளோரேட் கலவை, கருமருந்தை விட அதே எடைக்கு நிறைய சக்தி. சத்தமும் வேற, சின்னது "புஸ்ஸ்"னு போகும், இது நெஞ்சுல அடிக்கும். சட்டப்படி ராக்கெட் 1,500 கிராமுக்குள்ள, மருந்து 125 கிராமுக்குள்ள இருந்தா எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) கிட்ட தனி அனுமதி வேண்டாம், அதனால நிறைய பேர் நேரா இதுக்குத் தாவிடுறாங்க.

தாவாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா பழைய சாமான்ல பாதி உதவாது. சின்னப் பெட்டியோட வந்த கன்ட்ரோலர் இந்த இக்னைட்டரைப் பத்த வைக்கிறதுக்குப் பெரும்பாலும் பத்தாது, 12 வோல்ட் வேணும். ராக்கெட்டை நிறுத்துற கம்பியும் தடிமனா வேணும். ராக்கெட்டும் பால்சா மரத்துக்குப் பதிலா ப்ளைவுட் ஃபின். திரும்பத் திரும்ப யூஸ் பண்ற மெட்டல் கேஸ் வாங்கினா ஒவ்வொரு தடவை செலவு கம்மின்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா ஓ-ரிங்குக்கு க்ரீஸ் போட்டு அசெம்பிள் பண்றதுக்கு அரை மணி நேரம், வீட்டுக்கு வந்து கரியை அன்னிக்கே கழுவணும், மறுநாள் வெச்சா பாறையாயிடும். ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினா பல மோட்டாருக்கு ஹேஸ்மேட் (ஆபத்தான பொருள்) ஷிப்பிங்னு தனி சார்ஜ் போடுவாங்க, ஒரே ஒரு மோட்டார் வாங்கினா அந்த சார்ஜே மோட்டார் விலையைத் தாண்டிடும்.

எல்லாத்துக்கும் மேல 1,000 அடி இடம். புறநகர்ல ரெண்டு பேர் தனியா அவ்ளோ இடத்துக்கு எங்க போறது? தெரிஞ்சவங்க பண்ணை இருந்தா சரி. இல்லைன்னா நேரா அடுத்த வழிக்குப் போங்க, நடுவுல நிக்காதீங்க.

## வழி 4: கிளப்புல சேர்றது

என்ஏஆர், ட்ரிப்போலி (இதுவும் ஒரு ராக்கெட் சங்கம்) ரெண்டுக்கும் ஊர் ஊரா கிளப் இருக்கு. மாசம் ஒரு நாள் ஏதாவது மாட்டுப் பண்ணையில கூடுவாங்க. லாஞ்ச் பேட், கம்பி, பேட்டரி எல்லாம் அவங்களோடது, நீங்க ராக்கெட்டும் மோட்டாரும் கொண்டு போனா போதும். கார்டு ஒண்ணு எழுதிக் குடுக்கணும், சேஃப்டி ஆபீசர் ஃபின்னை ஆட்டிப் பாப்பார், மோட்டார் பொருந்துமான்னு கேப்பார், அப்புறம் மைக்ல பேர் சொல்லி கவுண்டவுன். மெம்பர்ஷிப்லயே லயபிலிட்டி இன்சூரன்ஸ் வரும்.

ஹெச், ஐ மோட்டார் விடணும்னா லெவல் 1 சர்டிபிகேட் வேணும், பெரியவங்களுக்கான இந்த சர்டிபிகேட்டுக்கு 18 வயசு ஆகியிருக்கணும், சாட்சியா ஒருத்தர் பாக்க ராக்கெட் போய் உடையாம திரும்பி வரணும். ஹெச்-ங்கிறது உச்சத்துல 320 நியூட்டன்-செகண்டு, சி மோட்டாரை விட 32 மடங்கு. வான்வெளி அனுமதியெல்லாம் கிளப் வாங்கி வெச்சிருக்கும், ரெண்டு பேர் தனியா ஓடித் திரியுற வேலை இல்லை.

மறைமுக செலவு: ட்ரைவ். எங்களுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், காத்து 20 மைலைத் தாண்டினா யாரும் விடக் கூடாது, போய் நாற்காலியில உக்காந்து சாண்ட்விச் சாப்டுட்டு வந்த நாளும் உண்டு. ஹெச் மோட்டார் நாங்க வாங்கினப்போ ஒரு தடவைக்கு முப்பது நாப்பது டாலர். முள்ளு, செவ்வெறும்பு, சாணி எல்லாம் இலவசம், நல்ல பூட்ஸ் போட்டுக்கோங்க. இன்னொண்ணு, அங்க நாப்பது பேர் இருப்பாங்க, ரெண்டு பேரா பேசிட்டே விடுற அந்த சனிக்கிழமை வேற, இது வேற. மச்சானுக்கு இது பிடிக்கும், எனக்கு மாசம் ஒண்ணு போதும்.

ஒண்ணு மட்டும் பண்ணுங்க: எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெறும் கையோட கிளப்புக்குப் போய்ப் பாருங்க. பெருசுங்க ரெண்டு பேர் வந்து உக்காந்து எல்லாம் சொல்லிக் குடுத்துடுவாங்க, நிறுத்துறதுதான் கஷ்டம்.

## பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

| | தண்ணி | ஏ, பி, சி | டி முதல் ஜி | கிளப், ஹெச்சும் அதுக்கு மேலயும் |
|---|---|---|---|---|
| இடம் | சின்ன பார்க் | 100 முதல் 400 அடி | 500 முதல் 1,000 அடி | கிளப் பாத்துக்கும் |
| ஒரு தடவை செலவு (நாங்க வாங்கினப்போ) | ஒண்ணுமில்லை | 5 டாலர் வரைக்கும் | அதுக்கு மேல, ஷிப்பிங் தனி | 30, 40 டாலர் |
| ஒரு நாள்ல எத்தனை தடவை | 20 | 6 | 3 | 1 அல்லது 2 |
| பர்ன் பேன்ல | விடலாம் | வேண்டாம் | வேண்டாம் | லாஞ்சே கேன்சல் |
| எங்க நேரம் போகும் | லாஞ்சர் ஒழுகல் | தேடுறது | அசெம்பிள், கழுவுறது | ட்ரைவ், க்யூ |
| ரெண்டு பேருக்கும் வேலை இருக்கா | இருக்கு, பம்பு அடிக்க | நிறைய | ஒருத்தருக்கே அதிகம் | நடுநடுவுல சும்மா |

## யாரோட ராக்கெட்?

இதை யாரும் கேக்கலை, ஆனா சொல்லிடுறேன். முதல் வருஷம் எல்லாத்தையும் பாதிப் பாதி போட்டு ஒரே ராக்கெட் வாங்கினோம். மரத்துல மாட்டுனா யார் காசு, பெருசா மோட்டார் போடச் சொன்னது யாருன்னு ஒரு நாள் வாட்ஸாப்ல ரெண்டு மணி நேரம் சண்டை. இப்போ லாஞ்ச் பேட், கன்ட்ரோலர், மோட்டார் ஸ்டாக் மட்டும் பொது, ராக்கெட் அவங்கவங்களோடது. அவன் தொலைச்சா நான் சிரிக்கலாம், நான் தொலைச்சா அவன் சிரிப்பான்.

ராக்கெட்ல போன் நம்பரை எழுதி ஒட்டுங்க, ஃபின் பக்கத்துல, வாட்டர்ப்ரூஃப் மார்க்கர்ல. அஞ்சு வருஷத்துல தொலைஞ்ச ஏழுல மூணு அப்படித்தான் திரும்பி வந்துச்சு. ஒண்ணு எட்டு மாசம் கழிச்சு, ஒருத்தர் மழைத்தண்ணி போற குழாயைச் சுத்தம் பண்றப்போ கிடைச்சுதாம், போன்ல முதல் கேள்வியே "இதுக்கு என்ன மோட்டார் போடணும்?"